பிரெஞ்சு தெரியாமல் பிரான்சில் கார்க் காப்புறுதி எடுப்பது எப்படி: யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிடுவோருக்கு

யாழ்ப்பாணத்தில் இருந்து பிரான்சுக்குப் போகிற பிள்ளைகள் பலர் அங்கே காலூன்றிய கையோடு கார் ஒன்று வாங்கிவிடுகிறார்கள். பாரிஸ் நகருக்குள்ளே இருந்தால் மெட்ரோ போதும். வீடு புறநகரில், வேலை விடியற்காலை நாலு மணிக்கு என்றால் கார் இல்லாமல் சரிவராது. கார் தேடிக் கொடுக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். காப்புறுதிப் பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு வடிவாக விளங்கப்படுத்துகிறவர்களைத்தான் காண்பது அரிது.

நான் நீண்டகாலம் பாரிஸ் புறநகரில் இருந்துவிட்டு இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். வெளிக்கிட முன்னர் வந்து விசாரிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: காப்புறுதி விசயத்தில் எதையும் கதைத்து முடிக்காதீர்கள், எழுத்தில் முடியுங்கள். போனில் வருகிற பிரெஞ்சின் வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியாது. மின்னஞ்சலோ கடிதமோ என்றால் ஆறுதலாக இருந்து மொழிபெயர்த்து, தெரிந்த ஒருவருக்குக் காட்டி, அடுத்த நாள் பதில் எழுதலாம். "வூயே மெக்ரீர் பார் மெய்ல், சில் வு ப்லே" என்று சொல்லப் பழகுங்கள். தயவுசெய்து எனக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள் என்று அர்த்தம். இதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெளிக்கிட முன்னர் இங்கே செய்ய வேண்டியவை

இங்கே உங்கள் பெயரில் மோட்டார் சைக்கிளோ காரோ இருந்தால், அதற்குக் காப்புறுதி போட்ட நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளைக்குப் போய் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். நிறுவனத்தின் கடிதத்தலைப்பில், முத்திரையோடு இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், வாகன இலக்கம், எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை காப்புறுதி இருந்தது, எத்தனை தடவை இழப்பீடு கேட்டீர்கள், இழப்பீடு கேட்காததற்குத் தருகிற கழிவு, அதாவது நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்ற விபரங்கள் அதில் வர வேண்டும். ஒருமுறையும் இழப்பீடு கேட்கவில்லை என்றால் அதையும் வெளிப்படையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிரெஞ்சு நிறுவனங்கள் இந்தக் கடிதத்தை ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. சில ஏற்கும், சில ஏற்காது. கையில் இருந்தால் கேட்டாவது பார்க்கலாம். ஆனால் வாகனம் அப்பாவின் பெயரில் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தால் பயன் இல்லை, அதற்காக அலைய வேண்டாம்.

அடுத்தது லைசென்ஸ். ஐரோப்பாவுக்கு வெளியே எடுத்த லைசென்சோடு பிரான்சில் வதிவிடம் தொடங்கியதில் இருந்து ஒரு வருடத்துக்கு மட்டும்தான் ஓடலாம். அதுவும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதிப்பத்திரமோ கூட இருக்க வேண்டும். சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இங்கே இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் எடுக்கலாம். லைசென்ஸ் மாற்றிக்கொள்ள பிரான்சோடு உடன்பாடு உள்ள நாட்டில் லைசென்ஸ் எடுத்தவர் அந்த வருடத்துக்குள்ளேயே மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், மற்றவர்கள் அங்கே சோதனை எழுதி, ஓடிக் காட்டி, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். எந்தெந்த நாடுகள் என்ற பட்டியல் அரசாங்கத்தின் 'செர்விஸ் பப்ளிக்' தளத்தில் இருக்கிறது. போய் இறங்கிய கையோடு பாருங்கள், பதினோராவது மாதத்தில் பார்க்காதீர்கள். லைசென்ஸ் செல்லுபடியாகாத நிலையில் விபத்து நடந்தால், அடிபட்டவருக்குக் காப்புறுதி நிறுவனம் காசு கொடுக்கும், பிறகு அந்தக் காசை உங்களிடம் திருப்பிக் கேட்கும். ஒரு ஆளின் காயத்துக்கான தொகை ஒரு குடும்பத்தின் ஆயுட்கால உழைப்பை விழுங்கக் கூடியது.

முதலில் காப்புறுதி, பிறகு கார்

பழைய கார் வாங்குகிறபோது பலர் காசைக் கொடுத்து, சாவியை வாங்கி, வீட்டுக்கு ஓட்டி வந்த பிறகுதான் காப்புறுதியை நினைக்கிறார்கள். விற்றவரின் காப்புறுதி விற்ற நாள் நள்ளிரவோடு நின்றுவிடும். அதை நம்பி ஓட்டாதீர்கள். கார் ஓடாமல் முற்றத்தில் நின்றாலும் காப்புறுதி கட்டாயம். இல்லாமல் பிடிபட்டால் 500 யூரோ உடனடி அபராதம், நீதிமன்றம் போனால் 3750 யூரோ வரை போகலாம்.

வாங்கப் போகிற காரின் 'கார்த் கிரீஸ்', அதாவது பதிவுப் புத்தகத்தின் படம் ஒன்றை விற்பவரிடம் முன்கூட்டியே வாங்குங்கள். அதோடு உங்கள் லைசென்ஸ், வதிவிட அட்டை, வீட்டு முகவரிக்கு அத்தாட்சியாக மின்சார பில், வங்கிக் கணக்கு விபரம் உள்ள 'ரிப்' தாள், இங்கிருந்து கொண்டுபோன கடிதம். இவ்வளவும் இருந்தால் காப்புறுதி அன்றைக்கே தொடங்கும். பிறகு காரை உங்கள் பெயருக்கு மாற்றுவது இணையத்தில்தான், அதற்கும் காப்புறுதி இருந்தாக வேண்டும்.

எங்கே எடுப்பது? இணையத்தில் விலை குறைவாகத் தெரியும், மொழி தெரிந்தவருக்கு அது நல்லது. முதல் காப்புறுதியை நீங்கள் இருக்கிற ஊரில் உள்ள ஒரு முகவர் அலுவலகத்தில் எடுப்பதுதான் என் விருப்பம். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ஒரே ஆள், ஒரே மேசை, ஒரே மின்னஞ்சல் முகவரி. விபத்து நடந்த அடுத்த நாள் அந்த மேசைக்கு முன்னால் போய் இருக்கலாம், அந்த ஆளுக்கு உங்கள் முகமும் தெரிந்திருக்கும். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம் தமிழில் கதைத்துக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. நல்ல உதவி. ஆனால் முகவரோ தரகரோ யாராக இருந்தாலும் 'ஓரியாஸ்' என்ற பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவிலக்கத்தைக் கேட்டு, அந்தத் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பதிவில் இல்லாதவருக்குக் கையில் காசு கொடுக்காதீர்கள், அவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தாலும்.

போனில் கூப்பிட்டுக் காப்புறுதி விற்கிறவர்களுக்கு "வுய்" என்று சொல்லிவிட்டோமே என்று அந்தரப்படாதீர்கள். அங்கே போனில் சொன்ன வாய்ச் சம்மதம் மட்டும் போதாது, கையொப்பம் வேண்டும். உங்கள் போனுக்கு ஒரு குறியீட்டு எண் வந்து அதைச் சொல்லச் சொன்னால் கவனம், அதுவே கையொப்பமாகிவிடும்.

அவர்கள் கேட்கிற கேள்விகள்

எங்கே போனாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். லைசென்ஸ் எடுத்த திகதி. வழமையாக ஓடுகிறவர் யார். வேறு யார் ஓடுவார்கள். இரவில் கார் எங்கே நிற்கும், தெருவிலா பூட்டிய இடத்திலா. எதற்குப் பாவிக்கிறீர்கள், சொந்தத் தேவைக்கா, வேலைக்குப் போய் வரவா, தொழிலுக்கா. கடந்த மூன்று வருடங்களில் விபத்து உண்டா. வேறு நிறுவனம் உங்களை நீக்கியதா. பதில்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறீர்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்றால் அது தொழில். 'வேலைக்குப் போய் வர' என்ற கட்டத்துக்குள் அது அடங்காது. வேண்டுமென்று பொய் சொன்னது பிறகு தெரியவந்தால் ஒப்பந்தமே செல்லாது, கட்டிய காசும் வராது. தெரியாமல் பிழையாகச் சொல்லியிருந்தால் இழப்பீட்டை விகிதப்படி வெட்டுவார்கள்.

மாமாவின் பெயரில் போடுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் மத்தியில் இது அன்பால் நடக்கிற பிழை. மாமா இருபது வருடமாக அங்கே ஓடுகிறார், அவருடைய காப்புறுதி பாதி விலை. வந்திறங்கிய மருமகனுக்கு இரட்டை விலை சொல்கிறார்கள். "என்ரை பேரிலை போடுவம், நீ ஓடு" என்கிறார் மாமா. மருமகன் தினமும் ஓடுகிறான், பத்திரத்தில் மாமாதான் 'கொந்துக்தர் ப்ரன்சிபால்', அதாவது வழமையாக ஓடுகிறவர். இது பொய் அறிவிப்பு. விபத்து நடந்தால் விசாரிக்கிறவர் முதலில் கேட்பது கார் யாருடைய வேலைத்தலத்துக்கு முன்னால் தினமும் நிற்கிறது என்பதைத்தான். மாமாவின் நல்ல வரலாறும் கெட்டுப்போகும், மருமகனுக்கும் தன் பெயரில் ஒரு வருட வரலாறுகூடச் சேர்ந்திருக்காது.

நேரான வழி ஒன்று இருக்கிறது. மாமாவின் காரை இடைக்கிடை ஓடுவதென்றால் அவருடைய ஒப்பந்தத்தில் 'கொந்துக்தர் செகொந்தேர்', இரண்டாவது ஓட்டுநராக உங்கள் பெயரை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தினமும் ஓடுவது நீங்கள் என்றால் சின்ன எஞ்சின் கார் ஒன்றை உங்கள் பெயரிலேயே போடுங்கள். புதியவருக்கான மேலதிகக் கட்டணம் முதல் வருடம் 100 சதவீதம் வரை இருக்கலாம். விபத்து இல்லாவிட்டால் அடுத்த வருடம் பாதி, அதற்கு அடுத்த வருடம் கால், பிறகு இல்லை. மாமா உதவத்தான் வேண்டும் என்றால் அந்த முதல் வருடக் காசில் கொஞ்சம் தரட்டும்.

மேலதிகக் கட்டணம் ஒருபக்கம் இருக்க, 'பொனுஸ்-மாலுஸ்' என்ற கணக்கு ஒன்று எல்லோருக்கும் ஓடுகிறது. அடிப்படைக் கட்டணத்தைப் பெருக்குகிற எண் அது, 1.00 இல் தொடங்கும். விபத்தில்லாத ஒவ்வொரு வருடமும் 5 சதவீதம் குறையும், 13 வருடத்தில் 0.50 ஆகும், அதற்குக் கீழே போகாது. உங்கள் பிழையால் விபத்து நடந்தால் 25 சதவீதம் ஏறும். அடிப்படைக் கட்டணம் 800 யூரோ என்று வையுங்கள். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடினால் 0.90, அதாவது 720 யூரோ. அப்போது ஒரு விபத்து, பிழை முழுவதும் உங்களுடையது என்றால் 1.12 ஆகி 896 யூரோ. ஆகவே சின்னக் கீறலுக்கெல்லாம் காப்புறுதியை இழுக்க முன்னர் கணக்குப் பாருங்கள்.

எந்தக் காப்புறுதி

மிகக் குறைந்தது 'ஓ தியேர்', நீங்கள் மற்றவர்களுக்குச் செய்கிற சேதத்துக்கு மட்டும். அதற்கு மேலே களவு, தீ, கண்ணாடி சேர்ந்தது. உச்சியில் 'து ரிஸ்க்', உங்கள் காரின் சேதமும் சேர்த்து. 2000 யூரோவுக்கு வாங்கிய பழைய காருக்கு து ரிஸ்க் போடுவது காசைக் கரைக்கிற வேலை.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓ தியேர் காப்புறுதியில் உங்கள் காரில் இருக்கிற மனைவி, பிள்ளைகள், நண்பர்கள் எல்லோருக்கும் காயத்துக்கு இழப்பீடு உண்டு. உங்கள் பிழையால் விபத்து நடந்தால் ஓடுகிற உங்களுக்கு மட்டும் இல்லை. அதற்குத் தனியாக 'கரான்தி து கொந்துக்தர்' என்ற பாதுகாப்பு வேண்டும். ஊரில் பத்துப் பேர் உங்கள் உழைப்பை எதிர்பார்த்திருக்க, உழைக்கிற ஆளையே காப்புறுதிக்கு வெளியே விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து! அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா, இருந்தால் எந்தத் தொகை வரை என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

'பிரான்ஷீஸ்' என்பது சேதத்தில் உங்கள் கையில் இருந்து போகிற பங்கு. பத்திரத்தில் பெயர் இல்லாத நண்பனுக்குக் கார் கொடுத்து அவன் இடித்தால் இந்தப் பங்கு பல ஒப்பந்தங்களில் இன்னும் கூடும். கார் வீட்டு வாசலிலேயே பழுதானாலும் இழுவை வண்டி வருமா என்பதையும் கேளுங்கள், அதற்கு 'அசிஸ்தான்ஸ் ஸெரோ கிலோமேத்ர்' என்று பெயர்.

கையொப்பம் வைக்க முன்னர் இரண்டு கட்டுத் தாள் தருவார்கள். தடித்தது எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைகள். மெல்லியது 'கொந்திசியோன் பார்த்திகுலியேர்', உங்களுக்கென்று அச்சடித்த சில பக்கங்கள். அந்தச் சில பக்கங்களைப் போன் கமராவில் மொழிபெயர்த்து, பெயர், பிறந்த திகதி, லைசென்ஸ் திகதி, கார் இலக்கம், பாவனை, பிரான்ஷீஸ் எல்லாம் வரிவரியாகச் சரிபாருங்கள். எங்கள் பெயர்களில் அப்பாவின் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அங்கே மாறிப்போவது வழமை. வதிவிட அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே பத்திரத்திலும் இருக்கட்டும்.

முந்தி முன் கண்ணாடியில் பச்சைச் சீட்டு ஒட்ட வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் அது இல்லை, பொலிஸ் இலக்கத்தகட்டை வைத்தே பார்த்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக 'மெமோ வெயிக்குல் அஸ்யூரே' என்ற தாள் ஒன்று தருவார்கள். புதுக் காப்புறுதி பொலிசின் கோப்பில் ஏறக் கொஞ்ச நாள் எடுக்கலாம் என்பதால் அதைக் காரில் வையுங்கள். விபத்துப் படிவம் நிரப்பவும் அதுதான் வேண்டும்.

விபத்து நடந்தால்

மொழி தெரியாதவருக்குக் கஷ்டம் உண்மையில் இங்கேதான். தெருவில் நிற்கிறீர்கள், மற்றவர் படபடவென்று கதைக்கிறார், கையில் பேனையைத் தந்து கையொப்பம் வைக்கச் சொல்கிறார். அந்தத் தாள் 'கொன்ஸ்தா', அதாவது விபத்துப் படிவம். யார் பிழை என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு பக்கம்தான் தீர்மானிக்கிறது.

நல்ல காலமாக இந்தப் படிவம் ஐரோப்பா முழுவதும் ஒரே அமைப்பு. மொழி மாறினாலும் கட்டங்களின் இலக்கம் மாறாது. ஆங்கிலப் படிவம் ஒன்றை இணையத்தில் எடுத்து பிரெஞ்சுப் படிவத்தோடு சேர்த்துக் காரில் வைத்திருந்தால் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அப்படியே பார்க்கலாம். இதை நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே அச்சடித்து, வீட்டு மேசையில் வைத்து, அண்ணனோ தங்கையோ மற்றக் காராக இருக்க ஒருமுறை நிரப்பிப் பழகலாம். உங்கள் பக்கத்தில் பெயர், முகவரி, காப்புறுதி இலக்கம் எல்லாம் வீட்டிலேயே எழுதி வைத்தால் தெருவில் கை நடுங்காது.

நடுவில் உள்ள 12ஆம் கட்டம்தான் உயிர்நாடி. அதில் 17 வரிகள், உங்களுக்குப் பொருந்துவதற்கு மட்டும் புள்ளடி. 1 என்பது நின்றுகொண்டிருந்தது. 8 பின்னால் இடித்தது. 10 ஒழுங்கை மாறியது. 14 பின்னுக்கு எடுத்தது. 17 சிவப்பு விளக்கையோ முன்னுரிமைச் சைகையையோ கவனிக்காதது. 6 வட்டச் சந்திக்குள் நுழைந்தது, 7 ஏற்கெனவே அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. 6க்கும் 7க்கும் வித்தியாசம் ஒரு புள்ளடி, ஆனால் பொறுப்பு முழுவதுமாகக் கை மாறலாம். ஆரியகுளம் சந்தியில் இடப்பக்கமாக ஓடிப் பழகியவர்கள் அங்கே வலப்பக்கம் ஓடுகிறார்கள், வட்டத்தைச் சுற்றுவதும் எதிர்த்திசையில். புதியவர்கள் இடிபடுகிற இடங்களில் இது ஒன்று என்பதால் இந்த இரண்டு இலக்கங்களையும் மனப்பாடம் செய்யுங்கள். கடைசியில் எத்தனை புள்ளடி என்று எண்ணி எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதை எழுதினால் பிறகு ஒருவரும் கூட்டிப் போட முடியாது.

இனி மற்றக் கட்டங்கள்: 10ஆம் கட்டம் முதலில் இடிபட்ட இடம், 11 தெரிகிற சேதம், 13 படம். தெருவின் பெயரோடு படம் கீறுங்கள். வார்த்தை இல்லாதவருக்குப் படம்தான் வாய். மற்றவர் சொல்வதில் உடன்பாடு இல்லை என்றால் 14ஆம் கட்டத்தில் "பா தகோர்" என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதுங்கள். அதை எப்படி எழுதுவது என்று இப்போதே பார்த்து, படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். 15 கையொப்பம். வைத்த பிறகு முன்பக்கத்தில் ஒன்றும் மாற்ற முடியாது. விளங்கவில்லை என்றால் "ஜு நு சீஞ் பா" என்று சொல்லி, கையொப்பம் வைக்காமல் விடலாம். அப்போது மற்றக் காரின் இலக்கம், இரண்டு கார்களும் நின்ற நிலை, தெரு, அடையாளக் கோடுகள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். சாட்சி இருந்தால் பெயரும் போன் இலக்கமும் வாங்குங்கள்.

சின்னக் காயம் என்றாலும் 3ஆம் கட்டத்தில் குறிக்க வேண்டும். கழுத்து நோ அடுத்த நாள்தான் தெரியும். காயம் என்றால் 112க்கு அடியுங்கள்.

படிவத்தை 5 வேலை நாட்களுக்குள் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், கார் களவு போனால் 2 வேலை நாட்கள். திருத்துகிற இடத்தைத் தெரிவு செய்வது உங்கள் உரிமை, அவர்கள் சொல்கிற கராஜுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

வீட்டுக்கு வருகிற கடிதங்கள்

பிரெஞ்சில் இருக்கிறதே என்று கடிதத்தை உடைக்காமல் மேசையில் போடுகிற பழக்கம்தான் எங்கள் ஆட்களின் காப்புறுதியை அதிகம் கெடுக்கிறது. தவணைக் காசு வங்கியில் இல்லாமல் திரும்பினால் காசைக் கட்டச் சொல்லி எச்சரிக்கிற 'மீஸ் ஆன் தெமூர்' என்ற பதிவுத் தபால் வரும். அனுப்பிய நாளில் இருந்து 30 நாளில் காப்புறுதி இடைநிறுத்தம், அதற்கு மேல் 10 நாளில் ஒப்பந்தத்தையே முறிக்கலாம். தபால்காரர் விட்டுப்போன துண்டோடு போய் நீங்கள் எடுக்காவிட்டாலும் நாள் ஓடும். கட்டணம் கட்டாமல் நீக்கப்பட்டவர் என்ற பெயர் வந்தால் அடுத்த நிறுவனம் கதவைத் திறக்காது. ஒருவருமே எடுக்க மாட்டோம் என்றால் 'பூரோ சான்த்ரால் து தாரிஃபிகாசியோன்' என்ற அமைப்புக்கு விண்ணப்பிக்கலாம். அது விலையை நிர்ணயித்து, கட்டாயக் காப்புறுதியை மட்டும் ஒரு நிறுவனத்தைக் கொடுக்க வைக்கும். நிறுவனத்தோடு பிணக்கு என்றால் முதலில் அவர்களுக்கு எழுத்தில் முறையிட்டு, சரிவராவிட்டால் 'மெதியாசியோன் து லஸ்யூரான்ஸ்' என்ற சமரச அமைப்புக்கு இலவசமாக எழுதலாம். இங்கேதான் நீங்கள் சேர்த்து வைத்த மின்னஞ்சல்கள் கைகொடுக்கும்.

முதல் வருடம் முடிந்தால் எப்போது வேண்டுமானாலும் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். பழையதை முறிக்கிற கடிதத்தைப் புது நிறுவனமே அனுப்பும், நீங்கள் பிரெஞ்சில் ஒன்றும் எழுதத் தேவையில்லை. காரை விற்றால் விற்பனைப் பத்திரத்தின் பிரதியோடு அன்றைக்கே அறிவியுங்கள், மிஞ்சிய காலத்துக்கான காசு திரும்பி வரும். அப்போது 'ரெலெவே தன்ஃபொர்மாசியோன்' என்ற தாளையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பொனுஸ், விபத்து விபரம் எல்லாம் அதில்தான் இருக்கும், கேட்டு 15 நாளுக்குள் தர வேண்டும். பிரான்சில் சில வருடம் இருந்துவிட்டு லண்டனுக்குப் போகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். அங்கேயும் நோ கிளெய்ம் அத்தாட்சி கேட்பார்கள் என்பதால், வங்கிக் கணக்கையும் வீட்டையும் மூட முன்னர் அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.